வாய் அசையாத ஞாயிற்றுக்கிழமை

அத்தியாயம் 9

போன வாரம் எந்த இடத்தில் விட்டேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பேட்டை டோமினோ கிளப்பின் இறுதி ஆட்டம், மூன்றாவது சுற்று. என் அக்கா ருத்மிலாவும் அவளுடைய கூட்டாளி கிழவர் வெஞ்சோவும் எதிரெதிரே. குறுக்கே மீன்வண்டி கிறிஸ்மோவும் அவன் மச்சினனும். ஆட்டம் முடிகிற நேரத்தில் கிறிஸ்மோ கையிலிருந்த காய்களை மேசையில் விட்டெறிந்துவிட்டு எழுந்தான்.

"இவங்க வாயால பேசுறாங்கப்பா! ரெண்டு தடவை மென்னா அஞ்சு, நாக்கைச் சுழட்டினா ஆறு. கூட்டாளிக்குச் சைகை போகுது!"

எங்கள் தீவில் டோமினோ மேசையில் புருவத்தைத் தூக்கினாலே சண்டை வரும். இருமினால் ஏன் இருமினாய் என்று கேட்பார்கள்.

நான்தான் குறுக்கே விழுந்து, "பல் செட்டு சரியா பொருந்தல, அதான் மெல்லுறாங்க" என்றேன். பதினோரு வருஷமாக ஊருக்குச் சொல்லிவந்த பொய்.

அக்கா எல்லார் முன்னாலும் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தாள். வாய் நிற்கவில்லை. வெறும் ஈறு மென்றது, நாக்கு உள்ளே புரண்டது. பார்த்தவர்களுக்கு அது போதும். பல் காரணமில்லையென்றால் சைகைதானே? என் பொய்தான் அவளை மாட்டிவிட்டது.

கிளப் தலைவர் பெர்னாடினா தீர்ப்பு சொன்னார். அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு மறுபடியும் கூடுவோம். ருத்மிலா வாயை அசைக்காமல் ஆடினால் ஆடட்டும். அசைந்தால் அவள் பெயரைப் பலகையிலிருந்து அழித்துவிடுவோம். அந்தக் கலவரத்தில் கிளப்பின் காய்ப்பெட்டியில் ஒரு காய் வேறு காணாமல் போயிற்று.

அந்த ஞாயிறு இதுதான்.

* * *

"எட்செல்! எழுந்திரு! ஓடி வந்து பாரு!"

என் மனைவி சுவின்டா சமையலறையிலிருந்து கத்தினாள். வாரம் ஆறு நாள் உலர்துறையில் கப்பல் அடிவயிற்றைச் சுரண்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை தோளைத் தூக்குவதே ஒரு வேலை. தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பூப்போட்ட கவுன், இழுத்துக் கட்டிய கொண்டை. எதிரே காபி.

வாய் நின்றிருந்தது.

உதடு உதட்டின் மேல் இருந்தது, அவ்வளவுதான். மெல்லவில்லை, சப்பவில்லை, நாக்கு கன்னத்தை உள்ளிருந்து முட்டவில்லை. விழித்திருக்கும்போது அந்த வாய் நின்று நான் பார்த்து எத்தனை காலம்! தூங்கும்போது மட்டும்தான் நிற்கும்.

சுவின்டா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒரு வாரமா ஜெபம் சொன்னேன்ல? மாதா கேட்டுட்டாங்க. அந்த மீன்காரன் மூஞ்சிய இன்னைக்கு நான் பாக்கணும். செதில் உரிஞ்சு நிக்கப்போறான்!"

"அக்கா" என்றேன். "நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

இரண்டு சொல்லில் கிண்டல் வைக்கிறவள் அவள். இன்று ஒரே சொல், அதுவும் வெகு தூரத்திலிருந்து வந்தது. முகம் புதுச்சுவர் மாதிரி இருந்தது. கண் இமைக்க மறந்துபோயிருந்தது.

காபியை எடுத்தாள். கை நடுங்கிற்று. கோப்பை தட்டில் டக்டக்கென்று அடித்துக்கொண்டது. பாதி வழியில் கை நின்றது. எதற்காகக் கிளம்பியது என்று யோசிப்பதுபோல் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

சுவின்டாவின் சிரிப்பும் மெல்ல இறங்கியது.

"நடந்து காட்டு அக்கா."

எழுந்தாள். கை வீசாமல், சின்னச் சின்ன அடி வைத்து, தரையைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள். திரும்புவதற்கு ஆறு அடி வேண்டியிருந்தது.

துறையில் சில மேஸ்திரிகள் செய்கிற வேலை ஒன்று உண்டு. நேரமில்லை என்றால் துருவைச் சுரண்டாமலே மேலே வண்ணம் பூசிவிடுவார்கள். கப்பல் பளபளவென்று இறங்கிப் போகும். அடுத்த தடவை வரும்போது அந்த இடத்தில் கைவைத்தால் கை உள்ளே போகும்.

அக்காவின் அறைக்குப் போனேன். மாத்திரைப் பெட்டி கட்டில் தலைமாட்டில் இருந்தது. ஏழு அறை, ஏழு மூடி, ஒவ்வொன்றிலும் கிழமையின் முதலெழுத்து. அந்த ஏழு எழுத்தைப் படிக்கக் கற்றபோது எனக்கு வயது நாற்பத்தாறு. ஆகவே அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நர்ஸ் இசேனியா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பெட்டியை நிரப்பிவிட்டுப் போயிருந்தாள். வெள்ளி காலி. சனி காலி. ஞாயிறு காலி.

திங்கள் காலி. செவ்வாய் காலி. புதனும் காலி.

* * *

இந்த மாத்திரையைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது அக்காவுக்கு இருபத்தாறு வயது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. தினம் மிதவைப்பாலத்தின் மேல் நடந்துதான் போவாள். கப்பல் வந்தால் மணி அடிக்கும், சங்கிலி போடுவார்கள், பாலம் ஒரு பக்கமாக நகர்ந்து துறைமுகத்துக்கு வழி விடும். ஒருநாள் பாலத்தை ஓட்டுகிறவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது. "ருத்மிலா, வா. பாலம் இருக்கு, வா." மூன்று மாதம் கேட்டாள். நாலாவது மாதம் சங்கிலியைத் தாண்டிப் பாலம் இல்லாத இடத்துக்கு நடந்தாள். ஒரு மாலுமி பாவாடையைப் பிடித்து இழுத்தான். பாவாடை கிழிந்தது, அக்கா மிஞ்சினாள்.

பிறகு மாத்திரை. பாலக்காரன் வாயை மூடினான். இருபத்தெட்டு வருஷம் மூடியே இருந்தான். அவள் மறுபடி இஸ்திரி போட்டாள், எங்கள் அம்மாவைக் கடைசிவரை பார்த்தாள், பிறகு என் வீட்டுக்கு வந்தாள். மாத்திரை இல்லாவிட்டால் எனக்கு அக்கா இல்லை.

வாய் மெல்லத் தொடங்கியது மெதுவாக, யாருக்கும் தெரியாமல். பல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். செட்டைத் தேய்த்தார். வேறு செட்டு போட்டார். மூன்றாவதும் போட்டார். நர்ஸ் இசேனியா மட்டும், "இது பல்லு இல்லீங்க, மருந்து" என்று நாலு வருஷமாகச் சொன்னாள். நான் காது கொடுக்கவில்லை. மருந்து என்று ஒப்புக்கொண்டால் மருந்தைக் குறைப்பார்கள். குறைத்தால் பாலக்காரன் வருவான். பல் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

* * *

இசேனியா பத்தரை மணிக்கு வந்தாள். பூசையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் தொப்பி, காலில் குதி உயர்ந்த செருப்பு, கையில் ரத்த அழுத்தக் கருவி. ஐம்பது கிலோ எடை இருந்தால் அதிகம். ஆனால் அவள் வாசலில் நுழைந்தால் எங்கள் நாய்கூட எழுந்து நிற்கும்.

"யாரு என் பெட்டியில கைவச்சது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"ஏன் துஷி?"

எங்கள் ஊரில் செல்லத்துக்கும் அந்தச் சொல்தான், பலகாரத்துக்கும் அந்தச் சொல்தான். ஆனால் இசேனியா சொன்னால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

"தெரியும்" என்றாள் அக்கா மெதுவாக. "முன்னாடி ஆஸ்பத்திரியில... அளவைக் கூட்டினப்போ வாய் நின்னுச்சு. நான் பாத்து வச்சிருந்தேன். டாக்டர் பாக்கல."

இசேனியா என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா? பதினஞ்சு வருஷம் படிச்சவங்க பாக்காததை இவங்க உள்ளேருந்து பாத்து வச்சிருக்காங்க."

பிறகு வேலையில் இறங்கினாள். கெட்டி நாற்காலியில் அக்காவை உட்காரவைத்தாள். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே தொங்கவிடச் சொன்னாள். வாயைத் திற. நாக்கை நீட்டு. கட்டைவிரலால் மற்ற விரலை ஒவ்வொன்றாகத் தொடு. விரல் தேடித் தேடிப் போயிற்று. முழங்கையை மடக்கிப் பார்த்தாள். துருப்பிடித்த நங்கூரச் சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாக வந்தது.

வெளியே போய் டூட்டி டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"இன்னைக்கு இனிமே மாத்திரை கிடையாது. நாளையிலேருந்து பழைய அளவு. தண்ணி நிறைய குடிக்கணும். காய்ச்சல் வந்தா, இல்ல இன்னும் விறைச்சா, நேரா ஆஸ்பத்திரி. சரியா?"

"வாய்?" என்றாள் அக்கா.

"அளவைக் கூட்டினா வாய் அமுங்கும். குணமாகாது. மறுபடி வரும், கொஞ்சம் சேர்த்துக்கிட்டு வரும்."

"துருவுக்கு மேல பெயின்ட்" என்றேன்.

"அதேதான் எட்செல். ஆனா துருவுக்குப் பயந்து மருந்தை அடியோட நிறுத்தினாலும் தப்பு. வாய் உடனே நிக்காது, கூடத்தான் செய்யும். அந்தப் பாலக்காரனும் வந்து உக்காந்துக்குவான்." அவள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "புதன்கிழமை டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். பழசைக் கொஞ்சங்கொஞ்சமா இறக்கி, வேற ஒண்ணை ஏத்திப் பாக்கலாம். வாய் குறையலாம். சத்தியம் பண்ண மாட்டேன். நடுவுல சில வாரம் கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டு இருக்கணும். அதுக்கு வீட்டுல இருக்கிறவங்க பல்லுன்னு சொல்றதை நிறுத்தணும்."

என் காது சுட்டது.

"இன்னைக்கு ஆட்டம்?" சுவின்டா கேட்டாள்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டா? ஆட்டம் வேண்டாம்."

அக்கா எழுந்து நிற்க முயன்றாள். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். இன்று அவள் வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

"ஆட மாட்டேன்" என்றாள். "ஆனா போவேன்."

"போய் என்ன பண்ணப்போற?" என்றேன். "போகலைன்னா ஒரு வாரம் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. போய் நின்னா..."

"போகலைன்னா என் பேரை அழிச்சிடுவாங்க. எனக்கு அந்த மேசை வேணும், எட்செல்." மூச்சு வாங்கினாள். "ஏழு காய் கையில வந்ததும்... மத்த இருபத்தொண்ணு எங்க இருக்குன்னு தேடுவேன் பாரு. அப்போ நான் நோயாளி இல்ல. உன் அக்காகூட இல்ல."

சுவின்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளுக்கு நல்ல செருப்பை எடுத்து வந்தாள்.

* * *

கிளப் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. பெட்டிக்கடை பக்கத்தில் தகரக்கூரை, நாலு மேசை, ஒரு கரும்பலகை. நாலு மணிக்கு நாற்பது பேர் இருந்தார்கள். அன்று காற்றுகூட வெளியே நிற்க இடமில்லாமல் உள்ளே வந்துவிட்டதுபோல் இருந்தது.

அக்கா சின்னச் சின்ன அடி வைத்து நடந்து வந்தாள். நானும் இசேனியாவும் இரண்டு பக்கம். யாரும் தொடவில்லை, அவள் தொட விடவில்லை. வெஞ்சோ எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இழுவைப்படகில் நாற்பது வருஷம் ஓடிய மனிதர், ஒரு காது கேட்காது.

கிறிஸ்மோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை அவன். என் அம்மா செத்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு மீன் சும்மா கொடுத்தவன். ஆனால் டோமினோவில் தோற்றால் அன்று மீன்கூட விற்க மாட்டான்.

"பாத்துக்குங்க எல்லாரும்!" என்றான். "இன்னைக்கு வாய் நிக்குது. அப்போ போன வாரம் வேணும்னே ஆட்டினதுதானே? நிறுத்த முடிஞ்சவங்க ஏன் நிறுத்தல? எட்செல், நீயே சொல்லு!"

கூட்டத்தில் தலைகள் ஆடின. அசைந்தாலும் குற்றம், அசையாவிட்டாலும் குற்றம்.

வெஞ்சோ கத்தினார். "டேய், எனக்கு ரெண்டு கஜத்துக்கு மேல கண்ணே தெரியாதுடா! அவ என்ன சைகை செஞ்சாலும் எனக்கு மீன் கொட்டாவி விடுற மாதிரிதான் இருக்கும்!"

"உங்களுக்குக் காதுதானே கேக்காது தாத்தா? கண்ணு எப்போ போச்சு?"

சிரித்தார்கள். அக்கா கையைத் தூக்கினாள். அது காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றது. சிரிப்பு அடங்கியது.

"கிறிஸ்மோ, உக்காரு. நான் இன்னைக்கு மெதுவாத்தான் பேசுவேன். உனக்கு நேரம் இருக்கு. மீனெல்லாம் காலையிலயே வித்துடுச்சு."

அவன் உட்கார்ந்தான்.

"இது பல்லு இல்ல. என் தம்பி சொன்னது பொய். எனக்காகச் சொன்ன பொய், ஆனாலும் பொய்." நிறுத்தினாள். யாரும் இருமவில்லை. "எனக்கு இருபத்தாறு வயசுல மனசு நோய் வந்துச்சு. ஆளில்லாத இடத்துல குரல் கேட்டுச்சு. அது சொன்னதைக் கேட்டுக் கடல்ல இறங்கப் போனேன். மாத்திரை குடுத்தாங்க. குரல் நின்னுச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு, அதே மாத்திரை என் வாயைப் புடிச்சுக்கிச்சு. நான் ஆட்டல. அது ஆடுது."

"இன்னைக்கு மட்டும் எப்படிங்க..." யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"ஒண்ணுக்கு ரெண்டா முழுங்கினேன். உங்க மேசையில உக்காரணும்னு. வாய் நின்னுச்சு. கூடவே கை நின்னுச்சு, கால் நின்னுச்சு. பாத்துக்குங்க." இரண்டு கையையும் மேசை மேல் வைத்தாள். மேசையும் சேர்ந்து நடுங்கியது.

நான் தரையைப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷமாக நாங்கள் பூட்டிவைத்த பெட்டி. அவள் தானாகவே திறந்து, நடு மேசையில் வைத்துவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும், "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

கிறிஸ்மோ பின்கழுத்தைச் சொறிந்தான். குரல் இறங்கியிருந்தது. "நோவுன்னா நோவுதான் அக்கா. அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? ஆனா ஆட்டம்னா ஆட்டம். வாய் தானா ஆடுச்சுன்னே வச்சுக்குவோம். நடுவுல ஒரு சைகையும் போகலன்னு நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்விதான்.

"நம்ப வேணாம்" என்றாள் அக்கா. "எண்ணிப் பாரு. பெர்னாடினா, அந்தப் பெட்டியைக் கொட்டுங்க."

தலைவர் கொட்டினார். "ஒரு காய் குறையுதும்மா. போன வாரத்துலேருந்து தேடுறோம்."

"குறையட்டும். நான் சொல்லச் சொல்ல வைங்க. போன வாரம் மூணாவது சுற்று. கிறிஸ்மோ ஆரம்பிச்சான், இரட்டை ஆறு."

தலைவர் இரட்டை ஆறை எடுத்து மேசை நடுவில் வைத்தார். காயின் இரண்டு பாதியிலும் ஒவ்வொரு எண் இருக்கும்; வரிசையின் முனையில் என்ன எண்ணோ அதே எண்ணைத்தான் ஒட்டிவைக்க வேண்டும்.

"நான் ஆறு-மூணு. மச்சினன் ஆறு-நாலு, அந்தப் பக்கம். வெஞ்சோ மூணு-அஞ்சு."

ஒவ்வொரு சொல்லும் ஈரக் கயிறு மாதிரி இழுத்து இழுத்து வந்தது. நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஆனால் காய் தவறவில்லை. தலைவர் வைத்துக்கொண்டே போனார். வரிசை மேசை ஓரம் போய்த் திரும்பியது. எந்த இடத்திலும் எண் பொருந்தாமல் இல்லை.

"இங்க மச்சினன்கிட்ட பொருந்துற காய் இல்ல, பாஸ். மேசையைத் தட்டினான், மோதிரக் கையால. இங்க கிறிஸ்மோ பாஸ். தட்டல, 'சே'ன்னான். வெஞ்சோ ஒரு தடவை பாஸ். கிறிஸ்மோ ரெண்டாவது பாஸ்."

மச்சினன் தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டான். நாற்பது பேரும் மேசைமேல் கவிழ்ந்திருந்தார்கள். தகரக்கூரை மட்டும் பேசிற்று.

இருபதாவது காயை வைத்தார் தலைவர். வரிசையின் ஒரு முனையில் நாலு, மறு முனையில் ஒன்று.

"இப்போ கிறிஸ்மோ முறை" என்றாள் அக்கா. "அவன் கையில மூணு காய். விட்டெறிஞ்சப்போ நீங்க எல்லாரும் பாத்தீங்க. இரட்டை அஞ்சு, அஞ்சு-ரெண்டு, மூணு-பூஜ்யம். ஒண்ணும் பொருந்தாது. அவன் பாஸ் சொல்லணும். அடுத்தது என் முறை. என் கையில ஒரே காய்."

கவுன் பைக்குள் கையை விட்டாள். கை உள்ளே போய் வெகு நேரம் தங்கியது. நான் உதவப் போனேன். இசேனியா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

கைக்குட்டை வந்தது. போன வாரம் பல் செட்டை வைத்த அதே கைக்குட்டை. முடிச்சை அவிழ்க்கவே அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. உள்ளே காணாமல்போன காய்.

நாலு-ஒன்று.

தலைவர் அதை வாங்கினார். நாலு முனையில் வைத்தார், பொருந்தியது. எடுத்து ஒன்று முனையில் வைத்தார், அங்கேயும் பொருந்தியது. மேசையில் வேறு எந்தக் காயும் எந்த முனையிலும் ஒட்டாது. இரண்டு முனைக்கும் பொருந்துகிற கடைசிக் காயோடு ஆட்டத்தை முடிப்பது எங்கள் ஊரில் பலருக்கு ஆயுசில் ஒருமுறை கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது.

"எனக்கு எதுக்குப்பா சைகை?" என்றாள் அக்கா. "வெஞ்சோகிட்ட நான் என்ன கேக்கணும்? எல்லாக் காயும் எனக்குத் தெரியும்."

கூரை பெயர்ந்துவிடும்போல் ஒரு சத்தம் எழுந்தது. மேசைகளைத் தட்டினார்கள். வெஞ்சோ நாற்காலி மேல் ஏறப்போய் இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சுவின்டா எங்கிருந்தோ வந்து என் முதுகில் குத்தினாள், சந்தோஷத்தில்.

கிறிஸ்மோ மட்டும் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு எங்க, நாலு எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன்" என்றான். "எங்கேயும் இல்ல. அப்பதான் உங்க வாய் கண்ணுல பட்டுச்சு." எழுந்து நின்றான். "அக்கா, அடுத்த ஞாயிறு வாங்க. வாயோட வாங்க. நின்ன வாயைத் தோக்கடிச்சா எனக்கு மரியாதை இல்ல."

"வாயோடதான் வருவேன். நீ நம்பலைன்னா வெஞ்சோ முகத்துல எட்செலோட முகமூடியைப் போட்டுடலாம். துருவெடுக்க மணல் பீய்ச்சுறப்போ போடுவானே, அது. கண்ணாடியில மேல்பாதியை ஒட்டிட்டா மேசை மட்டும்தான் தெரியும்."

"அந்தப் புழுக்கத்துல நான் செத்துடுவேன்!" என்றார் வெஞ்சோ.

"ஆட்டம் முடிஞ்சதும் சாவுங்க" என்றாள் அக்கா.

தலைவர் கரும்பலகைக்குப் போய், மூன்றாவது சுற்றுக்கு நேராக ருத்மிலா என்று எழுதினார். கை அழுத்தியதில் சுண்ணக்கட்டி உடைந்தது.

* * *

வண்டியில் திரும்பும்போது அக்கா என் பக்கத்தில் இருந்தாள். பின்னால் திறந்த பகுதியில் சுவின்டாவும் இசேனியாவும் வறுத்த மீன் தின்றுகொண்டு உரக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். கிறிஸ்மோ கொடுத்தனுப்பிய மீன்.

கப்பலைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி நிறுத்தினால்தான் தெரியும், அதுவரை எதைச் சுமந்துகொண்டு எத்தனை கடல் கடந்தது என்று. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவளை இன்றுதான் பார்த்தேன்.

"எட்செல்."

"ம்."

"புதன்கிழமை மாத்திரையை இறக்கப்போறாங்க."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பாலக்காரன் வந்து கூப்பிட்டா?"

சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

"நீ என்கிட்ட சொல்லு" என்றேன். "நான் அவன்கிட்ட பேசிக்கிறேன். அக்கா ஆட்டத்துல இருக்கா, அப்புறம் கூப்பிடுன்னு சொல்றேன்."

அவள் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கவுன் பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். இத்தனை வருஷத்தில், அதை நிரப்புகிற இசேனியாவைத் தவிர, அந்தப் பெட்டியை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை.

திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கியபோது திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டின் இடது ஓரம் ஒரு தடவை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"வருது" என்றாள் அக்கா. "வரட்டும்."